பல் பார்த்து வாங்கிய கேமரா

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மாடு வாங்கியவர்கள், விற்றவர்கள் யாரைக் கேட்டாலும் கந்தசாமித் தரகரைத் தெரியும் என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். சிரிப்புக்குக் காரணம் அவருடைய வாய். எலும்பும் தோலுமாக நிற்கிற மாட்டை, வேலைக்கென்றே பிறந்த உடம்பு என்று சொல்லித் தள்ளிவிடுவார். உதைக்கிற மாட்டுக்குச் சுறுசுறுப்பு என்று பெயர் வைப்பார். நின்ற இடத்தை விட்டு நகராத மாட்டுக்குப் பொறுமை என்று பெயர். வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுவாரம் சந்தைக்கு வந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டி முடித்ததும் அவரிடமே அடுத்த மாட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

அவர் என் அக்கா பெரியநாயகியின் வீட்டுக்காரர், எனக்கு மாமா. நான் பழனி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் ஒரு நீலத் திரையும் ஒரு ஸ்டூலும் உண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துத் தருவேன். இந்த ஒரு காரணத்துக்காக, எங்கள் குடும்பத்தில் டிவி ரிமோட் கெட்டாலும் செல்போன் நின்றாலும் பழனியைக் கேள் என்பார்கள். எனக்கும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அதனால் நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மாமா எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்ததே ஒரு கூத்து. எங்களுக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம். மில்லுக்குக் கரும்பு ஏற்றிப்போக அப்பாவுக்கு ஒரு ஜோடி காளை தேவைப்பட்டது. மணலூர்பேட்டையிலிருந்து மாமாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். அப்போது அவர் இளந்தரகர், மீசை சரியாக முளைக்கவில்லை, வாய் மட்டும் முழுசாக முளைத்திருந்தது. பேரம் பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மோர் கொண்டு வந்த அக்கா வாசற்படியில் இடறி, சொம்பு மோரையும் அவர் தலையிலேயே கொட்டிவிட்டாள். அப்பா தலைகுனிந்து உண்மையைச் சொன்னார். பிறவியிலேயே அவளுக்கு மாலைக்கண். இருட்டினால் எதிரில் யானை நின்றாலும் தெரியாது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் இதைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார்கள். மாமா மோர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, பகலில் தெரியுமா என்று கேட்டார். நன்றாகத் தெரியும் என்றார் அப்பா.

"அப்ப பகல்ல அவங்க என்னப் பாத்துக்கட்டும். பொழுது போனா நான் அவங்களப் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

அப்பா இதையும் தரகுப் பேச்சு என்றுதான் நினைத்தார். ஆனால் மறுவாரமே மாமா தன் அம்மாவோடு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். காளைகள் இரண்டில் ஒன்று நொண்டி என்பது கல்யாணம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதற்குள் சொந்தமாகிவிட்டதால் அப்பாவால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

அக்காவின் கண்ணுக்குப் பார்க்காத வைத்தியமில்லை. கேரட், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், மாத்திரை எல்லாம் ஆயிற்று. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், இது கண்ணுக்குள்ளேயே பிறந்தது, சரியாகவும் ஆகாது, மோசமாகவும் ஆகாது, கவலைப்படாமல் போங்கள் என்று சொல்லிவிட்டார். அக்காவும் கவலைப்படவில்லை. பல்பு எரிந்தால் பல்பு தெரியும், டிவி தெரியும். இருட்டில் கன்றுகளைத் தடவித் தடவியே கட்டிவிடுவாள். வானத்தில் இருக்கிற நட்சத்திரம் மட்டும் ஒன்றுகூட அவள் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

புருஷன் வாயை அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. மாமா எதைச் சொன்னாலும் கழிவு போட்டுத்தான் எடுத்துக்கொள்வாள். சந்தையில் ஆயிரம் பேர் கூட்டம் என்றால் அக்கா கணக்கில் அது ஐம்பது. பாம்பு தென்னை மர நீளம் என்றால் அது ஓணானாகவும் இருக்கலாம். மாமாவும் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார், சேர்ந்து சிரிப்பார். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு முகம் சுருங்கும். இளவயதில் கல்வராயன் மலைக் கிராமங்களில் மாடு பிடித்து, இரவோடு இரவாகக் கீழே ஓட்டிக்கொண்டு வருவாராம். அப்போது அண்ணாந்து பார்த்தால், களத்தில் கேழ்வரகு காயப்போட்ட மாதிரி வானம் முழுக்க நட்சத்திரம், விரல் வைக்க இடமிருக்காது என்பார். அக்கா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே, ஒரு கைப்பிடி இருக்கும் என்பாள். அத்தோடு மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். வாழ்நாளெல்லாம் கூட்டிக் கூட்டிச் சொன்ன மனிதர், கூட்டாமல் சொன்ன ஒரே சேதி அதுதான். அதையும் பெண்டாட்டி நம்பவில்லை என்றால் மனிதருக்கு எப்படி இருக்கும்?

அவர்கள் மகளைத் திருநாவலூரில் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தது அதே ஊர்க்காரனான கொளஞ்சியப்பன். கெட்டிக்காரப் பையன். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு மலை உச்சியில் நிற்க வைத்து, பின்னால் வானம் நிறைய நட்சத்திரத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டி வைத்திருந்தான். அக்கா பகல் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா ஆல்பத்தைக் கையில் வாங்கி, மலையில் வானம் நிஜமாகவே இப்படித்தான் இருக்கும் என்று சத்தியம் செய்தார். தரகன் புளுகும் போட்டோக்காரன் புளுகும் இப்போது ஒன்றாகச் சேர்ந்துவிட்டதா என்று கேட்டாள் அக்கா. ஆல்பம் வந்த அன்று சம்பந்தி வீட்டில் விருந்து, அவர்கள் எதிரிலேயே கேட்டுவிட்டாள். மாமா அன்று பந்தியில் பாயசத்தைத் தொடவில்லை.

மறுநாள் நான் கடையைத் திறப்பதற்கு முன்னாலேயே ஷட்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார். செல்போனை நீட்டினார். ராத்திரி மொட்டைமாடியில் நின்று வானத்தை எடுத்திருக்கிறார். கறுப்பாக இருந்தது. அடுத்ததும் கறுப்பு. அதற்கடுத்ததில் அவர் கட்டைவிரல் விழுந்திருந்தது.

"மாப்ள, இருட்டுல கண்ணு தெரியற கேமரா எதுனா இருக்குதா? மலையும் தெரியணும், மேல இருக்கற மொத்தமும் தெரியணும். உங்க அக்கா ஒரே ஒரு தபா பாத்துட்டா போதும்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் யார்? கேமராக்காரன் அல்லவா? தாராளமாக இருக்கிறது மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் ஜெராக்ஸ் மெஷினை வேலைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு யூடியூபே கதி என்று கிடந்தேன். ஒருவன் இந்தியில் சொன்னான், ஒருவன் இங்கிலீஷில் சொன்னான், நடுநடுவே பல்பொடி விளம்பரம் வந்தது. நட்சத்திரம் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, ஆகவே ரொம்ப நீளமான லென்ஸ் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாக யோசித்துக் கண்டுபிடித்தது.

மாமாவைச் சேலத்தில் ஒரு பெரிய கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸை எடுத்துக் காட்டினார்கள். மாமா அதைக் கண்ணில் வைத்து ரோட்டைப் பார்த்தார். எதிர்க்கடையில் பரோட்டா போடுகிறவரின் மூக்கில் இருந்த மச்சம் மட்டும் தெரிந்தது. மச்சத்தை விட்டு நகர்த்தினால் கண்ணில் படுவது காது. மலை எங்கே மாப்ள என்று கேட்டார். இதில் மலையின் ஒரு புளியமரம் தெரியும் மாமா என்றேன். விலையைக் கேட்டதும் இரண்டு பேருமே படியிறங்கி, அந்த மச்சக்காரரிடமே பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினோம்.

பேசாமல் கொளஞ்சியப்பனையே கேட்போம் என்றார் மாமா. எனக்கு ரோஷமாக இருந்தது, இருந்தாலும் போனேன். அவன் அப்போதுதான் புதிதாக ஒரு கேமரா வாங்கியிருந்தான். பழையதைக் கொடுத்துவிடும் யோசனையில் இருந்தான். என்னுடைய நீள லென்ஸ் சித்தாந்தத்தைக் கேட்டுவிட்டு, பாவம், மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தான். பிறகு நிதானமாக விளக்கினான். நீள லென்ஸ் ஒரு மூலையைத்தான் பிடிக்கும், அதோடு இருட்டில் வெளிச்சமும் கம்மியாகத்தான் உள்ளே விடும். மலையும் வானமும் சேர்ந்து வேண்டுமென்றால் குட்டையாக, அகலமாகப் பார்க்கிற லென்ஸ் வேண்டும், அதன் துவாரம் நன்றாகத் திறக்க வேண்டும். திறந்து வைத்து, அசையாமல் சற்று நேரம் காத்திருந்தால் வெளிச்சம் துளித்துளியாகச் சேரும். அதற்கு ஆடாத மூணுகால் ஸ்டாண்டு முக்கியம். கேமரா பழசாக இருந்தாலும் பரவாயில்லை என்றான்.

மாமா முகம் மலர்ந்துவிட்டது. அதுவரைக்கும் அவருக்குப் புரியாத உலகமாக இருந்தது ஒரே நொடியில் சந்தையாகிவிட்டது. கண் பெரிசாக இருக்க வேண்டும், கால் நிற்க வேண்டும், மற்றது பழக்குவதில் இருக்கிறது, அவ்வளவுதானே என்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

முதலில் கேமராவைச் சுற்றிவந்து பார்த்தார். பின்பக்கம் ஒரு கீறல் இருந்தது, அது கெட்ட சுழியா என்று விரலால் தடவினார். லென்ஸுக்கு எதிரே துண்டின் நுனியைப் படாரென்று வீசி, கண் சிமிட்டுகிறதா என்று பார்த்தார். சிமிட்டவில்லை, அது அவருக்குத் திருப்தியாக இல்லை. கொளஞ்சியப்பன் பட்டனை அமுக்கிச் சிமிட்ட வைத்த பிறகுதான் தலையை ஆட்டினார். ஸ்டாண்டை நடுக்கூடத்தில் நிறுத்தி, விலாவில் தட்டி, இடுப்பால் இடித்து, உதைக்கிறதா சாய்கிறதா என்று சோதித்தார். கொளஞ்சியப்பனின் பெண்டாட்டி கதவுக்குப் பின்னால் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு மானம் போனது. மாமாவுக்கு ஒன்றும் போகவில்லை, அடுத்து வயசு என்ன என்று கேட்டார்.

இதுவரைக்கும் எத்தனை முறை சிமிட்டியிருக்கிறது என்கிற எண்ணிக்கை கேமராவுக்குள்ளேயே பதிவாகியிருக்கும் என்று கொளஞ்சியப்பன் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினான். மாமா அசந்துபோனார்.

"இதானேப்பா பல்லு. எங்க தொழில்ல வாயத் தொறந்து கையவுட்டுப் பாக்கணும், கடிக்கும். இது கடிக்காம வயசச் சொல்லுதே."

பேரம் துண்டுக்கடியில்தான் நடக்க வேண்டும் என்றார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையின் மேலும் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, எதிராளியின் விரல்களைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. கொளஞ்சியப்பனுக்கு இது பழக்கமில்லை. அதோடு அவனுக்குக் கூச்சம் ஜாஸ்தி. மாமா விரலைப் பிடித்ததும் நெளிந்தான், அடுத்த விரலைப் பிடித்ததும் கெக்கெக்கே என்று சிரித்தான், உள்ளங்கையில் சுரண்டியதும் துண்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்தே ஒத்துக்கொண்டான். எவ்வளவுக்கு முடிந்தது என்று நானும் இன்றுவரை கேட்டுப் பார்க்கிறேன், இரண்டு பேருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அதற்கப்புறம்தான் அந்தக் காரியம் நடந்தது. கேமராவில் ஒரு தோல் வார் இருந்தது. தோளில் குறுக்காக மாட்டிக்கொள்கிற வார். அதன் நுனி, கேமராவின் அடியில் திருகியிருந்த ஒரு சின்னத் தகட்டோடு சேர்ந்திருந்தது. மாமா அதைத் தகட்டோடு திருகிக் கழற்றி, கொளஞ்சியப்பன் கையில் வைத்தார். மாட்டை விற்றால் பழைய கயிற்றை விற்றவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கயிறும் சேர்ந்து போனால் தொழுவத்து லட்சுமியும் கூடவே போய்விடுவாள். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டு வந்துதான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கொளஞ்சியப்பன், வார் பயன்படும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொன்னான். வளரும் பையன் நீ, உன் லட்சுமியை நான் கொண்டுபோனால் எனக்கு ஆகுமா என்றார் மாமா. அவன் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் தகட்டை மறந்தே போனான். மாமா மடியிலிருந்து மஞ்சள் தடவிய புதுக்கயிற்றை எடுத்து, கேமராவின் இரண்டு காதிலும் கோத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டார். நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டேன். பஸ் முழுக்க எங்களைத்தான் பார்த்தது.

எந்த நம்பரை எங்கே வைக்க வேண்டும் என்பதையெல்லாம் கொளஞ்சியப்பனே வைத்துக் கொடுத்திருந்தான். லென்ஸ் திருகிக்கொள்ளாமல் இருக்க டேப்பும் ஒட்டியிருந்தான். எதையும் தொடாதீங்கண்ணே, பட்டனை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், கொஞ்சம் பொறுத்து அதுவே எடுத்துக்கொள்ளும், நிலா இல்லாத நாளாகப் போங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். தை அமாவாசை என்று நாள் குறித்தோம்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் தானும் வருவேன் என்றாள். நீங்கள் இரண்டு பேரும் போனால் டவுனில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு வந்து காட்டுவீர்கள், பட்டனை நான்தான் அமுக்குவேன், அமுக்கின இடத்திலேயே எனக்குக் காட்ட வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டாள். மதியம் பெரியவர்களுக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, மிச்சமிருந்த வடையைத் தூக்கில் எடுத்துக்கொண்டு என் ஆம்னி வேனில் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு மாமா ஒவ்வொரு மாட்டுக் கதையாகச் சொன்னார், அக்கா ஒவ்வொன்றுக்கும் கழிவு போட்டாள். வெள்ளிமலை தாண்டி, அறுத்த சாமைக் காட்டை ஒட்டி ஒரு பாறை. வண்டியை நிறுத்தி இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போதே இருட்டிவிட்டது.

எங்களுக்கும் இருட்டியது. நான் வானத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கள்ளக்குறிச்சியில் இத்தனை வருஷம் டியூப் லைட்டுக்கு அடியிலேயே குடித்தனம் பண்ணுகிறவன் நான், எனக்குத் தலை சுற்றியது. மாமா கூட்டிச் சொல்லவில்லை. உச்சியில் ஆறாமீன், அதுதான் கார்த்திகை நட்சத்திரம், கொத்தாகத் தொங்கியது. எதிரில் மலை கறுப்பாகப் படுத்திருந்தது. மாமா நிலைகொள்ளாமல் பாறை மேல் அங்கும் இங்கும் நடந்தார், தனக்குத்தானே சிரித்தார். எனக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. ஒன்றும் தெரியாத அக்கா, எதுக்குடா இளிக்கறீங்க ரெண்டு பேரும் என்று கேட்டு அவளும் சிரித்தாள்.

ஸ்டாண்டை விரித்தேன். கேமராவைத் தூக்கி அதன் தலையில் வைத்தேன். நிற்கவில்லை. திருப்பி வைத்தேன். வழுக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்டாண்டின் தலையில் சதுரமாக ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டிய தகடு கேமராவின் அடியில் இல்லை. அது திருநாவலூரில், கொளஞ்சியப்பன் வீட்டு ஆணியில், லட்சுமியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். நான் விடுவேனா? கயிறாம், லட்சுமியாம் என்று ஆரம்பித்து ஒரு மூச்சு கத்தித் தீர்த்தேன். பிறகு கேமராவைப் பாறை மேல் வைத்து, அடியில் கல்லைக் கொடுத்துப் பார்த்தேன். அக்கா அமுக்கினாள். கல் நழுவியது. படத்தில் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளிந்தது. மறுபடி வைத்தேன், மாமா உதவி செய்கிறேன் என்று டார்ச்சோடு குறுக்கே வந்தார், படம் வெள்ளையாக வந்தது. இன்னொன்றில் என் செருப்பு.

"அவங்க வூட்டு லட்சுமி நல்லாதான் இருக்குது. என் லட்சுமிக்குத்தான் ஒண்ணும் காட்ட முடியல" என்றார் மாமா.

அக்கா இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள்.

"கயிறு இருக்குது இல்ல? இங்க குடு."

மாமா கேமராவின் காதிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த மஞ்சள் கயிற்றை வாங்கினாள். துண்டையும் கேட்டு வாங்கினாள். ஸ்டாண்டின் தலையைத் தடவிப் பார்த்தாள், கேமராவைத் தடவிப் பார்த்தாள், எது கண் எது முதுகு என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். துண்டை மடித்து ஸ்டாண்டின் தலையில் வைத்து, அதன் மேல் கேமராவை உட்கார வைத்து, முரட்டுக் கன்றைக் கட்டுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். டார்ச் எதற்கு, அதை அணை, கண்ணைக் குத்துகிறது என்று என்னை அதட்டினாள். நான் ஆட்டிப் பார்த்தேன். ஸ்டாண்டு ஆடியது, கேமரா ஆடவில்லை. சாமைக் காட்டிலிருந்து ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து, வேனில் கிடந்த பையில் போட்டு ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிட்டதும் அதுவும் ஆடவில்லை.

அக்காவின் விரலைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தேன். அமுக்கினாள். கையை எடுத்தாள். மூன்று பேரும் மூச்சுக்கூட விடாமல் நின்றோம். மாமா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது.

அதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நானும் தரகன் மச்சான், கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். அக்கா முகத்தைத் திரைக்கிட்டே கொண்டுபோனாள். முகம் முழுக்க வெளிச்சம் விழுந்தது. முதலில் குறைதான் சொன்னாள்.

"மலை ஏன் சாஞ்சிக்கினு கெடக்குது?"

"கட்டுனது யாரு?" என்றார் மாமா.

அக்கா திரையில் விரலை வைத்தாள். ஒரு நட்சத்திரத்தைத் தொட்டாள், பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. விரல் வைக்க இடமில்லாமல் விரல் நின்றுவிட்டது. இதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டாள். மேலேதான், தலைக்கு மேலேதான் என்றார் மாமா. அவள் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு அங்கே இருட்டு. மறுபடி குனிந்து திரையைப் பார்த்தாள். மறுபடி அண்ணாந்தாள். அப்புறம் குனியவே இல்லை. தெரியாத வானத்தையே பார்த்துக்கொண்டு, காற்றில் துழாவி மாமாவின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"இத்தினி வருஷமா நீ கம்மியாத்தான்யா சொல்லிக்கினு இருந்திருக்க."

சந்தை முழுக்கப் புளுகன் என்று பெயர் வாங்கிய மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பி அழுதார். கண்ணைத் துடைக்கத் தோளில் துண்டைத் தேடினார். அது கேமராவுக்கு அடியில் முடிச்சுக்குள் கிடந்தது. அக்கா முந்தானையை எடுத்து, இருட்டில் அவர் முகம் எங்கே என்று தடவிப் பார்த்து, துடைத்துவிட்டாள்.